சின்னையன் என்று ஒருவர் இல்லை

1

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து குருசாமி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். குருசாமி எங்கள் வட்டாரச் செய்தியாளர் சங்கத்தின் செயலாளர். நான் ஊரை விட்டு அயர்லாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அவன் அந்த நாற்காலியை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, நம்ம சங்கத்துக்கு வெள்ளி விழா. மலர் போடுதோம். ஊடகச் சுயகட்டுப்பாடுன்னு தலைப்பு. வெளிநாட்டுல எல்லாம் இது எப்படி நடக்குன்னு ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க. நல்ல விதமா எழுதுங்கண்ணே. பெரிய மனுசங்க வாராங்க."

நான் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உலர்த்தும் இயந்திரம் ஓடும் சத்தத்தில் முதல் முறை சரியாகக் கேட்கவில்லை. மறுபடி போட்டுக் கேட்டேன். கேட்ட பிறகு மடித்து வைத்த போர்வைகளைக் கலைத்துப் போட்டு மறுபடி மடித்தேன். அவ்வளவு எரிச்சல். சுயகட்டுப்பாட்டைப் பற்றி எழுத அந்தச் சங்கத்துக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டிருக்கிறார்களே, எனக்கு என்ன யோக்கியதை என்பதும் தெரியும்.

சரி, கேட்டுவிட்டான். எழுதுகிறேன். நல்ல விதமாக வருமா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

2

வெளிநாட்டில் எப்படி என்றுதானே கேட்டாய், குருசாமி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் வாரம் ஒரு முறை ஒரு பத்திரிகை வருகிறது. மாட்டுச் சந்தை, கால்பந்து, இறந்தவர் அறிவிப்பு, இவ்வளவுதான் அதில். சென்ற வருடம் என் மகள் ஜெனி பள்ளி வினாடி வினாவில் ஜெயித்தாள். படம் போட்டார்கள். படத்துக்குக் கீழே "இலங்கையைச் சேர்ந்த ஜெனி" என்று எழுதியிருந்தது.

நான் கொதித்துப்போனேன். பத்திரிகையின் இணையதளத்தில் முறையீட்டுப் படிவம் இருந்தது. நீங்கள் யார், சம்பந்தப்பட்டவருக்கு என்ன உறவு, நெறிமுறையின் எந்தப் பிரிவு மீறப்பட்டது, அந்தப் பிரிவை நீங்கள் வாசித்தீர்களா, இப்படிக் கேள்வி மேல் கேள்வி. கடைசியில் ஒரு பெட்டி: "இந்தத் தவறினால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு என்ன? ஐந்நூறு எழுத்துகளுக்குள் கூறவும்." நான் அந்தப் பெட்டி நிரம்பும் வரை எழுதி, அழித்து, திரும்பவும் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, தோட்டக் கருவி விளம்பரங்கள் இருக்கும் பக்கத்தில், ஒரு விரற்கடை அளவில் திருத்தம் வந்தது.

அந்தப் படத்தை எடுத்த நிருபர் ஒரு சின்னப் பெண். கடையில் பால் வாங்கும்போது என்னை அடையாளம் கண்டு வந்து மன்னிப்புக் கேட்டாள். கேட்டவள் அதோடு போயிருக்கலாம். "எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளாவிட்டால் அரசாங்கம் உள்ளே வந்துவிடும். அதனால்தான் இந்தப் படிவம் எல்லாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வாக்கியத்தைத் தமிழில் குருசாமி சொல்லி நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தப்பினால் பாதிக்கப்பட்டவனை நினைத்துக் கட்டுப்படுகிற ஆளை இங்கேயும் நான் பார்க்கவில்லை. வேறு யாரும் வந்து கேட்டுவிடக் கூடாதே என்றுதான் கட்டுப்படுகிறார்கள். ஆகவே, வெளிநாடு என்றால் எல்லாம் தங்கம் என்று உன் மலரில் எழுத என்னால் முடியாது.

ஆனால் ஒன்று. அந்த நிருபர் பெண்ணின் பெயரும் படத்துக்குக் கீழே இருந்தது. யாரைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து திருத்தத்தை ஜெனியிடம் காட்டினேன். அவள் ஆறு வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், ஒவ்வொரு வார்த்தையையும் தடவித் தடவி. பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஸ்ரீலங்கான்னு போட்டதுல என்ன கேவலம்?" என்றாள்.

"கேவலம்னு யாரு சொன்னா? தப்பு."

"தப்புதான். அவங்கதான் சாரி போட்டுட்டாங்களே. நீங்க ரிப்போர்ட்டரா இருந்தப்ப எத்தனை சாரி போட்டீங்க?"

குளியலறைக்குப் போய்க் கை கழுவினேன். பிறகு அவளும் மறந்துவிட்டாள். இந்த வயதுப் பிள்ளைகள் நம்மிடம் கேள்வி கேட்பதே அபூர்வம். பதிலுக்காகக் காத்திருப்பது அதைவிட அபூர்வம்.

3

வந்த புதிதில் இங்கே வேலை தேடுவோர் அலுவலகத்துக்குப் போனேன். என் மனைவி ஸ்டெல்லா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, நர்ஸ். அவளுடைய வேலையை ஒட்டிக்கொண்டுதான் நான் விசா வாங்கி வந்தேன். படிவத்தில் முந்தைய தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, பதினான்கு வருடமாக அச்சில் பார்த்துப் பழகிய சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். நமது நிருபர். "Our Reporter."

அலுவலர் பெரியவர், கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "யாருடைய?" என்று கேட்டார்.

பத்திரிகையின் பெயரைச் சொன்னேன். உங்கள் பெயர் போட்ட செய்தி ஏதாவது காட்ட முடியுமா என்றார். அப்படி ஒன்றுகூட இல்லை. பகலில் அச்சக வேலை, காலையும் மாலையும் செய்தி சேகரிப்பு என்று பதினான்கு வருடம் ஓடியிருக்கிறேன். விபத்து, கும்பாபிஷேகம், குடிநீர் மறியல், கைது எல்லாம் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றின் தலையிலும் "நமது நிருபர்" மட்டும்தான். அவர் பணிவாகத் தலையை ஆட்டிவிட்டு, "சரிபார்க்கக்கூடிய அனுபவம் இல்லை" என்று எழுதினார்.

அன்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது வேறொன்றும் தோன்றியது. அதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. என் பெயர் எதிலும் இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

4

காரணம், கோதை.

பதினொரு வருடத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்று ஒரு குன்று இருப்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மேலே பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமையில் நடந்தும் வண்டியிலும் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். வடக்கே கார்த்திகை தீபம் ஏற்றும் பெரிய திருவண்ணாமலை வேறு. இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டிய இடத்தில் நான் விளக்கவில்லை.

கோதை ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் வேலை பார்த்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கணவர் ராணுவத்தில், வடக்கே. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட, அப்பாவின் தம்பிதான் அவரை வளர்த்து, கட்டிக்கொடுத்தவர். அப்பாவின் தம்பியை அவர்கள் சின்னாயன என்பார்கள். அந்தச் சனிக்கிழமை காலை கோதை சின்னாயனவோடு பைக்கில் கோயிலுக்குப் போனபோது ஒரு வேன் இடித்துவிட்டது. கோதைக்குத் தலையில் தையல். அவருக்குக் கை முறிவு.

எனக்குத் தகவல் தந்தவர் ஒரு போலீஸ் ஏட்டு, போனில். "சின்னாயன கூட வந்தேன்ங்குது அந்தப் பொம்பள" என்றார் அவர். சரியாகத்தான் சொன்னார். நான் அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருக்க, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சின்னையன்" என்று எழுதிக்கொண்டேன். நான் பிறந்து வளர்ந்த தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு தெலுங்கு. சின்னாயன என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது. ஆஸ்பத்திரி பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். போயிருந்தால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்திருப்பார். நான் போகவில்லை.

அனுப்பிய செய்தி எனக்கு இன்னும் மனப்பாடம். "ராஜபாளையத்தைச் சேர்ந்த மில் தொழிலாளி கோதை (34). இவரது கணவர் ராணுவத்தில் பணிபுரிகிறார். கோதை நேற்று சின்னையன் (50) என்பவருடன் பைக்கில் திருவண்ணாமலைக்குச் சென்றபோது வேன் மோதி இருவரும் காயமடைந்தனர்." கணவரைப் பற்றி ஏட்டு சொன்னார் என்று அதையும் சேர்த்தேன். வரி நீளும் அல்லவா.

செய்திகளைத் திருத்தும் டெஸ்க் எங்களுக்குப் பக்கத்து ஊரில் இல்லை. அங்கே இருந்தவருக்குத் திருவண்ணாமலை என்றால் ஒரே திருவண்ணாமலைதான். கணவன் ராணுவத்தில். மனைவி இன்னொரு ஆணுடன் பைக்கில். அத்தனை தூரம். நம் ஊரிலிருந்து வடக்கே போகிற பாதையும் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தானே போகிறது, கதை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மறுநாள் காலை பேப்பரைப் பிரித்தேன்.

"கள்ளக்காதலனுடன் திருவண்ணாமலைக்கு ஓட்டம்: விபத்தில் சிக்கிய ராணுவ வீரர் மனைவி."

உள்ளே, "கோயிலுக்குச் செல்வதாகக் கூறிவிட்டு" என்று ஒரு சொற்றொடர். அவர்கள் உண்மையிலேயே கோயிலுக்குப் போனார்கள், ஐயா. துளசி மாலை ரோட்டில் கிடந்தது என்று பின்னால் தெரிந்தது.

டெஸ்க்குக்குப் போன் போட்டேன். "சார், அது நம்ம ஊர் மலை சார். இங்ஙன பக்கத்துல."

"அதை நீ எழுதில்ல அனுப்பணும்? நான் என்ன ஜோசியமா பாப்பேன்?"

"திருத்தம் போடலாமா சார்?"

"இதுக்கா? இன்னிக்கு ஒண்ணு போட்டா நாளைக்கு நாப்பது பேரு ஆபீஸ் வாசல்ல நிப்பான். வக்கீல் நோட்டீஸ் வந்தா பாப்போம்."

வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிற குடும்பமா அது.

5

கோதை நோட்டீஸ் அனுப்பவில்லை. நேரே வந்தார். பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் மாதக் கூட்டம் நடக்கும்போது மாடிப்படி ஏறி வந்தார். தலையில் கட்டு. பின்னாலேயே, கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். கோதை பேப்பரை ஒரு பிளாஸ்டிக் கவரில் மடித்துக் கொண்டு வந்திருந்தார்.

"இவியதான் நீங்க போட்ட சின்னையன்" என்று அவரைக் காட்டினார். "எங்க அப்பா கூடப் பொறந்தவிய. என்னைத் தூக்கி வளத்தவிய. சின்னையன்னு இவிய பேரும் கிடையாது. பேரு வேற. சின்னையன்னு ஒருத்தன் இல்லேன்னு ஒரே ஒரு வரி போடுங்க. அம்புட்டுதான் கேக்கேன்."

குருசாமிதான், "உக்காருங்கம்மா, டீ சொல்லுதேன்" என்றான்.

"டீ வேண்டாம். இவிய இப்ப எங்க வீட்டுப் படி ஏற மாட்டேங்காவ. தெருவுல நாலு பேரு பாப்பாங்களாம். யாரு எழுதினது இதை?"

"அதைச் சொல்லுத பழக்கம் இல்லம்மா. தொழில் தர்மம்" என்றான் குருசாமி.

நான் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். கையில் டீ. எழுந்து "நான்தான்" என்று சொல்ல எனக்கு அந்த நேரம் போதும். சொல்லவில்லை. சின்னாயன எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு சங்கம் நடந்துகொண்ட விதத்தை இந்த வெள்ளி விழா மலரில் பதிவு செய்வது என் கடமை. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தோம். அந்த மூவரில் ஒருவன் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அறிக்கையை எழுதும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். எழுதியது நான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தார்கள். "கிடைத்த தகவலின் அடிப்படையில் வெளியான செய்தி. உள்நோக்கம் இல்லை. வருங்காலத்தில் உறுப்பினர்கள் கவனமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." நானே குற்றவாளி, நானே விசாரணை, நானே தீர்ப்பு. சுயகட்டுப்பாடு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

6

என் சகாக்கள் சார்பாகவும் கொஞ்சம் பேச வேண்டும். அவர்கள் சொல்வதில் எல்லாம் பொய் இல்லை.

அன்று கூட்டத்தில் ஒரு டிவி நிருபர் சொன்னார்: "திருத்தம் போட்டா படிக்காதவனும் தேடிப் படிப்பான். அந்தப் பொம்பளைக்குத்தான் இன்னும் கேவலம்." இன்னொருவர், வெளியாள் யாரும் நம்மைக் கேள்வி கேட்க விட்டால் முதலில் வருபவன் கட்சிக்காரனாகத்தான் இருப்பான் என்றார். அதுவும் உண்மை. மணல் லாரியைப் பற்றி எழுதியதற்காக அடி வாங்கிய ஆள் அவர். குருசாமி நெஞ்சைத் தொட்டு, "நமக்கு இது இருக்குல்லா, இதைவிடப் பெரிய சட்டம் என்ன வேணும்?" என்றான்.

இவற்றையெல்லாம் நானும் நம்பினேன். நம்பியது சுகமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாத்தியார் தப்புச் செய்தால் பெயரோடு எழுதுகிறோம். கவுன்சிலர், டாக்டர், தாசில்தார், கோயில் தர்மகர்த்தா, எல்லோரையும் வாசலில் நிறுத்தி மைக்கை நீட்டுகிறோம். நாங்களே விசாரித்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னால் "மூடி மறைக்க முயற்சி" என்று தலைப்புப் போடுகிறோம். எங்கள் முறை வந்தால் மட்டும் அது குடும்ப விஷயம் ஆகிவிடுகிறது. திருத்தம் போட்டால் அவருக்குக் கேவலம் என்று கோதைக்காக நாம் கவலைப்பட்டோமே, அவர்தானே வந்து கேட்டார். அவருக்கு எது கேவலம் என்று அவருக்குத் தெரியாதா.

அந்தச் செய்தி இன்னும் இணையத்தில் இருக்கிறது. அவருடைய பெயரையும் ஊரையும் போட்டால் வருகிறது. நேற்றும் தேடிப் பார்த்தேன்.

7

குருசாமிக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் இதில் கோதையின் சம்மதம் வேண்டும் என்று உறைத்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் உறைத்திருக்கலாம். ஸ்டெல்லாவின் சித்தி மகள் அதே மில்லில் இருக்கிறாள். நம்பர் வாங்கிக் கொடுத்தாள். இங்கே காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே சாப்பாட்டு நேரம்.

யார் என்று சொன்னேன். நான்தான் எழுதினேன் என்றும் சொன்னேன். தறிச் சத்தம் மட்டும் கேட்டது. "யாரு எழுதினதுன்னு அன்னிக்குக் கேட்டனே. நீங்களும் அங்ஙனதான இருந்தீய?" என்றார்.

"இருந்தேன்."

"டீ குடிச்சிக்கிட்டு."

"ஆமா."

"இப்ப எந்த ஊர்ல இருக்கீய?"

"அயர்லாந்துங்க."

"அம்புட்டுத் தூரம் போன பொறவு சொல்லுதீய."

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சின்னாயன எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"போயிட்டாவ. ரெண்டு வருசம் ஆச்சு. கடைசி வரைக்கும் எங்க வீட்டுக்கு வரவே இல்லை. நாந்தான் போய்ப் பாப்பேன். வீட்டுல அவிய வீட்டுக்காரி, எங்க சின்னாயி, இல்லைன்னா என்னைய உள்ள கூப்பிட மாட்டாவ. வாசல்லயே நின்னு பேசி அனுப்பிருவாவ. பெத்த பிள்ளை மாதிரி வளத்துட்டு, என்னைக் கண்டா பயந்தாவ."

அதுவரை எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சின்னையன் என்று ஒருவர் இல்லை என்பது இதில் வந்துவிடும், நீங்கள் அன்றைக்குக் கேட்டது இதுதானே என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை அவர் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன்.

"அவிய இருக்கையில கேட்டது அது. இப்ப யாரு படிக்கதுக்கு?" என்றார். பிறகு சொன்னார்: "என் பேரை எடுத்துருங்க. எத்தனை தடவதான் என் பேரைப் போடுவீய? உங்க பேரைப் போடுங்க. சும்மா பேரு மட்டும் வேண்டாம். அப்பா பேரு, தெரு பேரு, வயசு, எல்லாத்தோடயும் போடுங்க. என்னைய அப்படித்தான போட்டீய."

நான் சரி என்று சொல்வதற்குள் மில்லில் மணி அடித்துவிட்டது. அவர் வைத்துவிட்டார்.

ஆகவே, இதில் உள்ள கோதை என்பது அவருடைய பெயர் அல்ல. மாற்றிவிட்டேன். குருசாமி, மலரில் இடம் போதாது என்றால் வெளிநாட்டைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள். பெரிய மனுசர்களுக்குப் பிடிக்காது என்றால் கட்டுரையையே போடாதே, நான் வேறு எங்காவது போட்டுக்கொள்கிறேன். போடுவதாக இருந்தால் கீழே இருக்கும் வரியில் மட்டும் கை வைக்காதே.

அந்தச் செய்தியை எழுதியவர்: ராஜபாளையம் சர்ச் தெருவைச் சேர்ந்த ஆசீர்வாதம் மகன் ஜெபராஜ் (49).